எட்டாவது விதி

ஷெர்லின் அனுப்பிய படங்கள் நூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் மணல்.
மணவாளக்குறிச்சிக் கரையில் அலை இறங்கிப்போனதும்
கறுப்பு மணலும் செம்மணலும் தனித்தனியே படிந்து
யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல் கிடக்குமே, அது.
அதைக் கணினிக்குள் போட்டு நகரவிட்டிருந்தாள்.
ஒவ்வொரு படமும் மெல்லக் கலையும்,
பழைய இடத்துக்கு மட்டும் வராது.

"பாட்டு வேண்டாம் மக்கா,
படத்தைப் போல திரும்பி வராத ஒண்ணு வேணும்.
மார்ச்சுக்குள்ள."

குளச்சலில், வலைக்கடைக்கு மேலே என் அறை.
ஜன்னலை அடைத்துக்கொண்டு
வியர்வையில் விதிகள் எழுதினேன்.
விதி ஒன்று: ரி-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு ம.
விதி இரண்டு: ப அடுத்தடுத்து வரக் கூடாது.
விதி மூன்று: கீழ் ச ஒலிக்கையில் மற்றவை ஒதுங்கி நிற்கும்,
மீன் லாரிக்கு சைக்கிள் ஒதுங்குவதுபோல.
நாலும் ஐந்தும் ஆறும் வெறும் கணக்கு.
ஏழு: நான்கு நொடி சத்தமில்லையென்றால்
மெல்லிய ச ஒன்றைத் தானாக நீட்டு,
கேட்பவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துவிடாமல்.

விதி போதாது. யாராவது பகடை எறிய வேண்டும்.
கணினியின் பகடை பொய்;
முதல் எண் தெரிந்தால்
கடைசி எண் வரை சொல்லிவிடலாம்.

சின்னவிளையில் ஒரு டீத்தூள் டப்பா நிறைய மணல் அள்ளி வந்தேன்.
கதிர் எண்ணும் கருவி ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தது.
பக்கத்தில் வைத்தால் கூரைமேல் மழை.
ஒரு முழம் தள்ளி வைத்தேன்.
டிக்.
பிறகு, டிக் டிக்.
அடுத்தது எப்போது என்று
மணலுக்கே தெரியாது.

முதல் ராத்திரி பாத்திரம் உருளும் சத்தம்தான்.
முப்பதை இருபத்திரண்டாக்கினேன்.
இரண்டாம் வாரம், கரண்ட் போய் வந்த ஒரு விடியலில்
ச ரி ரி ம என்று ஏறி
யோசித்து,
கீழ் ச-வில் உட்கார்ந்தது.
நான் எழுதாதது. ஆனாலும் என்னுடையது போலிருந்தது.
பதிவு செய்யக் கை நீட்டுமுன் போய்விட்டது.

ஷெர்லின் ஒரு வியாழக்கிழமை வந்தாள்.
கையில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி உறை.
அவள் தம்பி பிஜினுக்கு இருபத்தாறு.

"இது எந்த ஒச்சை?"
சொன்னேன்.
"நம்ம மணலா?"

உறையை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள்.
"எத்தனை வருசமா அந்தக் கரையில இருக்கீங்கண்ணு கேட்டாங்க.
அதனாலண்ணும் சொல்ல முடியாதாம்,
இல்லண்ணும் சொல்ல முடியாதாம்.
ஒரே வீட்டுல நாலு பேரு.
அவனுக்கு மட்டும் எதுக்கு?
அம்மை விதிண்ணு சொல்லுகா."

திரையில் விதி ஒன்று, விதி இரண்டு என்று
வரிசையாய் எரிந்துகொண்டிருந்தன.
அணைக்கவும் தோன்றவில்லை.
டப்பாவை எடுத்து வெளியே வைக்கப் போனேன்.

"இருக்கட்டு."

எண்பத்தேழாவது படம் முழுக்கக் கேட்டாள்.
கறுப்பு செம்மணலுக்குள் விரல்விரலாய் இறங்கும் படம் அது.
முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு
வேலைக்காரி ஆனாள்:
"ப கொஞ்சம் மெல்ல வரட்டு.
அப்புறம், நடுவுல இழுக்குதே ஒண்ணு,
அது மணல் போட்டது இல்லியே?"

இல்லை. அது நான், பயந்து போட்டது.

"அதை எடு. காத்திருக்கட்டு."

எட்டு: ஏழை நீக்கு.

நாகர்கோவிலில், கோட்டாறு பக்கம் ஒரு ஹால்.
சுவரெல்லாம் மணல் நகர்கிறது,
மூலையில் கண்ணாடிக்குள் டீத்தூள் டப்பா.
ஏழு நொடி, எட்டு நொடி, ஒன்றுமில்லை.
மைக் செட்டுக்காரர் டார்ச்சோடு ஓடிவந்து
வயரைத் தொட்டார்.
டிக்.
ம விழுந்தது, தெளிவாக.
அவர் விரலைப் பார்த்தார், பிறகு எங்களை.

முகக்கவசத்துக்குள் பிஜின் சிரிக்கிறான் என்பதை
அவன் தோள் குலுங்குவதில் கண்டோம்.